ஸ்டெல்லாவின் வயிறு

கசார்வாடியில், பழைய மும்பை நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகையில் ட்யூப்லைட்டுக்கான சோக் செய்தார்கள். ஸ்டெல்லா அங்கே காயில் சுற்றுகிறவள். ஒரு கையால் கைப்பிடியைச் சுழற்றி, மறு கையின் விரலிடுக்கில் செம்புக் கம்பியைப் பிடித்து, பாபினில் வரிசை பிசகாமல் படியவைக்க வேண்டும். கம்பி இறுகினால் அறுந்துவிடும். தளர்ந்தால் காயில் உப்பிக்கொண்டு தகட்டுக்குள் நுழையாது. கோர்படி ரயில்வே காலனியில் வளர்ந்தவள், கல்யாணமாகி இந்தப் பக்கம் வந்தபின் பக்கத்து ஆளைப் பார்த்துப் பார்த்தே இந்த வேலையைக் கற்றுக்கொண்டாள்.

1998 மழைக்காலத் தொடக்கத்தில் முதலாளி மோட்டாரில் காயில் சுற்றும் இயந்திரம் ஒன்றை வாங்கினார். அதில் உட்காருகிறவளுக்கு வேலை நிலைக்கும். ஆர்டர் குறைந்தால் மற்றவர்கள் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அவள் கணவன் தங்கராஜ் வேலை பார்த்த கம்பெனி அப்போது வாரத்தில் பாதி நாள்தான் ஓடியது. வீடு ஸ்டெல்லாவின் சம்பளத்தில் நடந்தது.

சூப்பர்வைசர் கல்யாணசுந்தரம் சேலத்துக்காரர். அவளைக் கூப்பிட்டு, முகத்தை விட்டுவிட்டு வயிற்றைப் பார்த்துப் பேசினார்.

"மெஷினை உனக்குத்தான் குடுக்கணும்னு இருந்தேன். இந்த நேரத்துல போய்..."

"எந்த நேரம் சார்?"

"மறைச்சு என்னம்மா ஆகப்போகுது? நீ பிரசவத்துக்குப் போயிட்டா மெஷின் சும்மா கெடக்கும்."

"அப்படி ஒண்ணும் இல்ல சார். சின்னவளுக்கு ஒன்றரை வயசாவுது. அவ பொறந்ததிலேர்ந்து வயிறு இப்படித்தான் நிக்குது."

"என் மருமகளும் அஞ்சு மாசம் வரைக்கும் இதையேதான் சொன்னா. கணபதியைக் கரைக்கிற விசர்ஜன் முடியட்டும், பாக்கலாம்."

என்ன பார்க்கப்போகிறார் என்று இருவருக்கும் தெரியும்.

தாபோடியில் கிளினிக் வைத்திருந்த டாக்டர் கோதை அவளைப் படுக்கவைத்து அழுத்திப் பார்த்தார். பிரசவத்தில் விரிந்த தசை இன்னும் சேரவில்லை, அதன்மேல் கொழுப்பும் தங்கிவிட்டது என்றார். பட்டினி கிடக்கக் கூடாது. சோற்றைக் குறைத்து நார்ச்சத்து சேர்க்க வேண்டும், பசி அடங்கும். தினமும் நடக்க வேண்டும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதை, எல்லா டாக்டரும் சொல்வதுதானே என்று ஸ்டெல்லா விட்டுவிட்டாள்.

மற்றதையெல்லாம் காயில் சுற்றுவதுபோல் பிசகாமல் செய்தாள். கோதுமை மாவைச் சலிப்பதை நிறுத்தினாள். போதாதென்று தவிடும் கலந்தாள். மதியத்துக்குச் சோள மாவில் தட்டிய பாக்ரி ரொட்டி, முளைகட்டிய மட்கிப் பயறு, வெந்தயக் கீரை. மாலையில் கொய்யா.

தங்கராஜ் தட்டை எட்டிப் பார்த்தான். "ஏட்டி, எருமைக்கு வைக்கிறத எனக்கும் வச்சிராத."

"உங்களுக்குச் சோறு இருக்கு, தின்னுங்க. எருமை கம்முனு திங்குது, நீங்கதான் பேசுறீங்க."

மூன்றாவது வாரம் வயிறு கல்லாக இறுகியது. காலைக்கடன் நாள்கணக்கில் தள்ளிப்போனது. மாலையானால் ஊதிக்கொண்டு, சேலைக் கொசுவம் நிற்கவில்லை. பக்கத்து இருக்கை சுமன்தாயி கவலையோடு, "கித்னா மஹீனா ஹுவா?" என்று, எத்தனை மாசம் ஆகிறதென்று இந்தியில் கேட்டாள். எதிரே இருந்த ராஜி ஸ்டெல்லாவிடம், "போச்சுக்கா, இவளே நம்பிட்டா" என்றாள்.

ஸ்டெல்லா மறுபடி கிளினிக்குக்குப் போனாள். டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தண்ணி எவ்வளவு குடிக்கிறீங்க?" என்றார்.

"காலையில கெளம்புறப்ப அரை டம்ளர். அப்புறம் வீட்டுக்கு வந்துதான்."

"பகல் முழுக்கக் குடிக்கறதே இல்லையா? ஏன்?"

"குடிச்சா போகணும்ல டாக்டர்."

கொட்டகையில் இருந்தது ஒரே கக்கூஸ். ஆண்கள் போவது. கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. பெண்கள் எல்லாரும் மதியம் சாப்பிட்டபின் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிடுவார்கள். அதைப்பற்றி அவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டதுகூட இல்லை. புதிதாகச் சேருகிறவள் சில நாளில் தானாகவே அப்படி ஆகிவிடுவாள்.

"நார் தண்ணியை உறிஞ்சித்தான் இளகும். தண்ணி இல்லேன்னா உள்ளேயே இறுகி அடைச்சுக்கும்" என்றார் டாக்டர். "நீங்க சாப்பிட்டது தப்பில்ல. தவிட்டைக் கொஞ்சம் குறைங்க, தண்ணியைக் கூட்டுங்க."

"எங்க கம்பெனி கக்கூஸுக்கு மருந்து எழுத முடியாதுல்ல?"

டாக்டர் சிரிக்கத் தொடங்கி, நிறுத்திக்கொண்டார்.

வீடுவரை நடக்கும்போது ஸ்டெல்லா யோசித்தாள். பாக்ரியை விட்டுப் பழையபடி சோற்றுக்கே போய்விடலாம். இறுக்கம் போய்விடும், யாரிடமும் எதுவும் கேட்கவேண்டாம். ஆனால் வயிறும் பழையபடியே இருக்கும், இயந்திரம் வேறு கைக்குப் போகும்.

மறுநாள் வேலை தொடங்கியதும் கல்யாணசுந்தரத்திடம் போய் நின்றாள்.

"சார், கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் வேணும்."

அவர் சுற்றிலும் பார்த்தார். "மெதுவாப் பேசும்மா."

"என் வயித்தைப் பத்தி நீங்க மெதுவாவா பேசினீங்க?"

பின்னால் ராஜி சிரிப்பை அடக்கப்போய் இருமினாள்.

"இத்தனை வருஷமா யாரும் கேக்கலையே."

"இத்தனை வருஷமா யாரும் தண்ணி குடிக்கல சார்."

முதலாளியிடம் சொல்வதாகச் சொன்னார். தாழ்ப்பாள் வரவில்லை. ஸ்டெல்லா காத்திருக்காமல் தண்ணீர் குடித்தாள். அவள் உள்ளே போகும்போது ராஜி கதவருகே நின்றாள். ஒரு வாரத்தில் ராஜியும் குடித்தாள், பிறகு சுமன்தாயியும். ஒருத்தி போனால் காவலுக்கு இன்னொருத்தி எழுந்தாள். இரண்டு கைப்பிடிகள் நின்றன. அந்த நஷ்டம் முதலாளிக்குச் சட்டென்று புரிந்தது. உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் அடிக்கப்பட்டது.

வயிற்றின் இறுக்கம் சில நாளில் விட்டது. கொழுப்பு அப்படி இல்லை. தினமும் நடந்து வீடு திரும்பியதில் இடுப்பு கொஞ்சம் இறங்கியது. தொப்புளுக்குக் கீழே தொங்கிய சதை நகரவே இல்லை. விசர்ஜன் முடிந்த மறுநாள் கல்யாணசுந்தரம் வந்து நின்றபோது, இன்னும் சந்தேகப்படுகிற அளவுக்கு வயிறு இருந்தது.

"கொறைஞ்சிருக்கு போலயே" என்றார், நிச்சயமில்லாமல்.

"அடைப்பு போயிடுச்சு சார். மிச்சம் மெல்லத்தான் போகும், மொத்தமும் போகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. இது ரெண்டு பெத்த வயிறு. மாசமானா நானே வந்து சொல்றேன். அதுவரைக்கும் என் வேலையை வச்சுப் பேசுங்க."

அவளுடைய தட்டில் இருந்த காயில்களில் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

"நாளைக்குச் சீக்கிரம் வா. மெக்கானிக் வந்து மெஷினைக் காட்டுவான்."

மறுநாள் உட்கார்ந்து பார்த்தாள். இருக்கை உயரமாக இருந்தது. கால் பெடலுக்குச் சரியாக எட்டவில்லை. மெக்கானிக், போகப்போகப் பழகிவிடும் என்றான். காலுக்கு அடியில் ஒரு பலகை வேண்டும் என்று அன்றைக்கே கேட்டாள்.