பட்டையக்கா மகளுக்குச் செய்த பிரேஸ்

பட்டையக்கா செய்த முதுகு பிரேஸை எந்தப் பிள்ளையும் விரும்பி அணிந்ததில்லை. அதை அவர் குறையாக எடுத்துக்கொண்டதும் இல்லை. எலும்பு மருத்துவமனையின் பின்கட்டிலிருந்த பட்டறையில் அவர் பதினாறு ஆண்டுகள் வேலை செய்தார். தட்டைப் பாதத்துக்கான காலணி, முழங்கால் தாங்கி எனப் பலவும் செய்வார் என்றாலும், வளைந்து வளரும் முதுகெலும்பை அழுத்தி நிறுத்தும் பிரேஸில்தான் அவர் கை பேர் வாங்கியது. மாவுக்கட்டில் உடம்பின் அச்சை எடுப்பார். அதன்மேல் சூடான பிளாஸ்டிக்கைப் போர்த்தி, ஆறியபின் வெட்டி, அழுத்தம் வேண்டிய இடங்களில் உட்புறமாக மெத்தைத் துண்டுகளை ஒட்டுவார்.

பட்டப்பெயர் வந்தது பட்டைகளால். முன்பெல்லாம் துளை போட்ட தோல் வார்கள்தாம். பிள்ளை சற்று வளர்ந்தாலும் பட்டறைக்கு வந்தாக வேண்டும். அவர் அவற்றை எடுத்துவிட்டு மூன்று ஒட்டுப்பட்டைகளை வைத்தார். ஒவ்வொன்றிலும் அழியாத மையால் ஒரு கறுப்புக் கோடு. கோடு வளையத்தைத் தொடும்வரை இழுத்து ஒட்டினால் போதும், எவருக்கும் கைவரும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அவரே அளந்து கோட்டைத் தள்ளி வரைவார். பட்டையைப் பிரேஸோடு பிணைக்கும் ரிவெட்டிலிருந்து அதன் தூரத்தை அந்தப் பிள்ளையின் அட்டையில் குறித்துவைப்பார்.

"கோட்ட மட்டும் நம்பிடாதீங்க," என்று ஒவ்வொரு தாயிடமும் சொல்வார். "கழட்டினதும் முதுகப் பாருங்க. மெத்தை அழுத்தின இடம் செவந்திருக்கணும். இல்லன்னா பெல்ட்டு சும்மா சட்ட மாதிரி தொங்குதுன்னு அர்த்தம்."

"எம் பொண்ணு இதுக்குப் பேரே வெச்சுட்டாக்கா, மாமியாருன்னு," என்றார் ஒரு தாய்.

"சரியாத்தான் வெச்சிருக்கா. ஒரு நாளைக்கு இருபது மணி நேரம் முதுகுலயே உக்காந்திருக்கும்ல."

மகளுக்குப் பதினொரு வயதானபோது, பள்ளிச் சட்டையின் ஒரு தோள் உயர்ந்திருப்பதை முதலில் கண்டவர் பட்டையக்காதான். எக்ஸ்ரே 27 டிகிரி வளைவு காட்டியது. "வளர்ச்சி நிக்கிற வரைக்கும் பிடிச்சு வெச்சுட்டா ஆபரேஷன் வேண்டாம்," என்றார் மருத்துவர். "உங்களுக்குத் தெரியாததா?" தெரியும். ஆபரேஷன் என்றால் முதுகில் இரண்டு கம்பிகள். அந்தப் பகுதி பிறகு வாழ்நாளில் வளையாது.

அந்தப் பிரேஸை நான்கு நாட்கள் செய்தார். விளிம்புகளை வழக்கத்தைவிட மூன்று மடங்கு தேய்த்தார். மதியச் சாப்பாட்டை இருமுறை மறந்தார். முதல் அளவை அட்டையில் எழுதினார்: மூன்று பட்டைக்கும் 12 சென்டிமீட்டர். அதற்குப் பின் கோட்டை அளக்கவும் இல்லை, அந்த அட்டையில் எதுவும் எழுதவும் இல்லை. தினமும் கண்முன் இருக்கும் பிள்ளைக்கு அட்டை எதற்கு?

காலையில் அவரே கோடுவரை பட்டையை இழுத்து ஒட்டுவார். இழுத்தபடியே கேட்பார்: "எங்கயாச்சும் குத்துதாடி?"

"இல்லம்மா. நல்லாத்தான் இருக்கு."

கணவர் சரக்கு லாரி ஓட்டுநர். மாதத்தில் இருபது நாள் வெளியூர். வீட்டில் இவர்கள் இருவர்தாம். மகள் தானே கழற்றி, கதவைத் தாழிட்டுக் குளிப்பாள். அந்த வயதுக்கு அது இயல்பு என்று தாய் விட்டுவிட்டார். முதுகைப் பார்க்கவில்லை. பட்டறையிலோ பெருமையாகச் சொல்லிக்கொண்டார்: "எம் பொண்ணு ஒரு நாள் முனகினது கிடையாது."

ஆறாவது மாத எக்ஸ்ரே: 31. வளரும் வேகத்தில் நாலைந்து டிகிரி கூடுவதுண்டு என்று மருத்துவர் தேற்றினார். பதினான்காவது மாதம்: 46. இனி பிரேஸ் போதாது, ஆபரேஷன்தான் என்றார்.

பட்டையக்கா பிரேஸை மேசைமேல் கவிழ்த்துப் போட்டு, தன் வேலையில்தான் பிழை என்று தேடினார். மெத்தையின் கனம் சரி. இடமும் சரி. கடைசியாக ரிவெட்டிலிருந்து கோட்டை அளந்தார். பதினாலரை. அட்டையில் இருந்த பன்னிரண்டைவிட இரண்டரை தளர்வு. மூன்று பட்டையிலும் அதேதான். கோட்டருகே துணி லேசாகச் சாம்பல் பூத்திருந்தது. பழைய மை துடைத்த தடம்.

வீட்டில் மகள் தரையில் அமர்ந்து நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"கோட்ட நீ மாத்துனியா?"

"ம்."

"எதால அழிச்ச?"

"நெயில் பாலிஷ் அழிக்கிறது. அத்தை குடுத்தது."

"எப்பலேருந்து?"

"ரெண்டாவது மாசம். கொஞ்சம் கொஞ்சமாத்தான்."

"வலிச்சா சொல்லியிருக்கலாமே. சரி பண்றதுதானடி என் வேலை."

மகள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "மத்த பொண்ணுங்க வீட்டுக்குப் போய் அவங்கம்மாகிட்ட உன்னத் திட்டுவாங்க. நான் யார்கிட்ட போய் உன்னத் திட்டுறது? நீ சாப்பிடாமகூட உக்காந்து செஞ்ச. வலிக்குதான்னு கேக்கறப்பவே இன்னும் கொஞ்சம் இழுப்ப. உன் மூஞ்சியப் பாத்து எப்படிம்மா சொல்றது?"



ஆபரேஷன் ஆறு மணி நேரம் நடந்தது. பதினோரு எலும்புகளைச் சேர்த்துக் கம்பி பொருத்தினார்கள். எழுந்து நின்றபோது மகள் மூன்று சென்டிமீட்டர் உயர்ந்திருந்தாள். "ஓசியில வளந்துட்டேன்," என்றாள். கீழே விழுந்த சீப்பை எடுக்க அவளால் குனிய முடியவில்லை.

காயம் ஆறும்வரை மூன்று மாதம் ஒரு பிரேஸ் அணிய வேண்டும் என்று மருத்துவர் எழுதிக்கொடுத்தார். பட்டறையில் பட்டையக்காவுக்காக மேசையை ஒழித்து வைத்திருந்தார்கள்.

"நீ செய்யாதம்மா," என்றாள் மகள். "வேற யாராச்சும் செய்யட்டும்."

ஊரின் மறுகோடியில் வேறொரு பட்டறை. அளவெடுத்தவர் வேகமாக வேலை பார்ப்பவர்; இரண்டாம் முறை போனபோதே பிரேஸை மாட்டிவிட்டார். தாய்மார்களுக்குப் போட்டிருந்த நாற்காலியில் பட்டையக்கா அமர்ந்து கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கக்கத்து விளிம்பு ஒரு விரற்கடை கூடுதல் உயரம் என்பது அங்கிருந்தே தெரிந்தது. தானும் அதே தொழில்தான் என்று அவர் சொல்லவில்லை. "இந்த ஓரம் புள்ளைக்கு அறுக்கும் போலிருக்குங்க," என்று மட்டும் சொன்னார். "போடப் போடப் பழகிடும்மா," என்றார் அளவெடுத்தவர்.

திரும்பும் வழியில் ஆட்டோ கிளம்பியதுமே மகள் தொடங்கினாள். "அந்தாளு கை ஐஸ்கட்டி மாதிரி இருக்கும்மா. கக்கத்துல அறுக்குது. வயித்துல வேற முட்டுது. வேலையே தெரியல அவருக்கு."

"ஆமாண்டி. இன்னும் எங்க?"

"இடுப்புல. பின்னாடி, தையல்கிட்ட. அப்புறம் தோள்ல."

உடம்பைத் திருப்ப முடியாததால் நேரே சாலையைப் பார்த்தபடியே அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். பக்கத்தில் இருந்த அம்மாவின் முகத்தை அவள் பார்க்கவில்லை.