காதில் வைத்துப் பார்த்த கேமரா

நைனா கேமராவைக் கண்ணில் வைத்துப் பார்க்கவில்லை, காதில் வைத்துப் பார்த்தார். ஆம்பூர் பஜாரில், வெளிநாட்டு வாட்சும் சென்ட்டும் அடுக்கிய கடை அது. கடைக்கார பாய் கண்ணாடி அலமாரியைத் திறந்து, ஒரு சின்ன வீடியோ கேமராவை மெத்துத் துணியோடு எடுத்து நீட்டினார். நைனா அதை வாங்கி, ஏதோ பழுதான கடிகாரம் ஓடுகிறதா என்று பார்ப்பவர்போல வலது காதில் வைத்துக்கொண்டு நின்றார். எனக்கு வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது.

அப்போது நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான். கேமரா பெட்டியின் மேல் இங்கிலீஷில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லவே நைனாவும் அக்காவும் என்னை அழைத்து வந்திருந்தார்கள். அப்பாவை நைனா என்று கூப்பிடுவதுதான் எங்கள் தெருவில் வழக்கம். பதிலுக்கு அவர் என்னை 'தொர' என்பார். இங்கிலீஷ் புத்தகம் வைத்திருந்தவன் எங்கள் தெருவில் நான் ஒருவன்தான், அதனால் வந்த பட்டம்.

நைனாவுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் டிரம் வேலை. மரத்தால் செய்த, ஒரு குடிசையளவு பெரிய உருளைகள். உள்ளே தோலும் தண்ணீரும் சுண்ணாம்பும் போட்டு நாளெல்லாம் உருட்டுவார்கள். அந்தச் சத்தத்தில் ஒருவர் பேசுவது பக்கத்தில் நிற்பவருக்குக்கூடக் கேட்காது. அதனால் அங்கே எல்லாம் கைஜாடைதான். உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினால் டிரம்மை நிறுத்து. விரலைச் சுழற்றினால் ஓட்டு. அங்கே பேசாமல் சேர்த்து வைத்த குரலையெல்லாம் சாயங்காலம் வீட்டுக்கு வந்து செலவழித்துவிடுவார் என்று அம்மா சொல்வாள். பாலாற்று மணலில் நாங்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்போம். தண்ணீரைப் பார்க்காத ஆறு, எவ்வளவு வேண்டுமானாலும் ஓடலாம். இருட்டும் நேரத்தில் கரையிலிருந்து "டேய் தொர" என்று ஒரு குரல் வரும். ஆட்டம் அத்தோடு முடிந்தது. எனக்கு மட்டுமல்ல, மற்ற பையன்களுக்கும் வீட்டுக்குப் போக அதுதான் மணி.

அந்தக் குரல் கரகரத்துப்போய், விழுங்கும்போது வலி என்று ஆரம்பித்து, வேலூர் ஆஸ்பத்திரியில் போய் நின்றது. தொண்டையில் சின்னக் கட்டி, எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று என்னிடம் சொன்னார்கள். கட்டியோடு சேர்த்துக் குரல்வளையையும் எடுத்துவிடுவார்கள், அதற்குப் பிறகு நைனாவால் பேச முடியாது என்பது என்னைத் தவிர வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அங்கே ஒரு நர்ஸ் நல்ல மனதோடு சொன்னாளாம், "பேச முடியாட்டி இன்னாங்க, ஒரு சிலேட்டு வெச்சிகினு எழுதிக் காட்டுங்க. நெறைய பேரு அப்டித்தான் பண்றாங்க." நைனா கட்டைவிரலை அவளிடம் தூக்கிக் காட்டி, "இது மட்டுந்தாம்மா எழுதும். அதுவும் மை இருந்தா" என்றாராம். அக்கா இதைப் பல வருடம் கழித்துத்தான் என்னிடம் சொன்னாள். நர்ஸ் முதலில் சிரித்துவிட்டு, பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டாளாம்.

குரலைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனை அக்காவுடையது. அவள் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு டேப்ரெக்கார்டரை வாங்கி வந்து ஒருநாள் பிடித்தும் பார்த்தார்கள். திருப்பிப் போட்டதும் அம்மா அடுப்படிக்கு ஓடிவிட்டாள். "மொகம் இல்லாம கொரலு மட்டும் வூட்டுக்குள்ள சுத்துனா எனுக்கு பயமா கீது. வேணாம் அது." அடுத்து ஸ்டுடியோக்காரரைக் கூட்டி வந்தார்கள். அவர் தோளில் பெரிய கேமராவோடும் கண்ணைக் கூசவைக்கும் லைட்டோடும் வந்து நின்றதும், நைனா சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, மனு கொடுக்க வந்தவர்போல எழுந்து நின்றுவிட்டார். ஒரு வார்த்தை வரவில்லை. "கட்சி மீட்டிங்கா இது, சும்மா பேசுங்க" என்று ஸ்டுடியோக்காரர் சொல்லச் சொல்ல, இருந்த கொஞ்சமும் அடைத்துக்கொண்டது.

கையில் இருப்பதே தெரியாத அளவுக்குச் சின்னதாக, வீட்டு ஆளே பிடிக்கிற மாதிரி ஒன்று வாங்கிவிடலாம் என்று அப்புறம்தான் முடிவானது. அக்காவின் நகைச் சீட்டு அதில் போனது. எனக்கு அதெல்லாம் தெரியாது. ஏழைகள் வீட்டில் திடீரென்று கேமரா வாங்குவதில் எந்தச் சந்தேகமும் படாத வயது. ஏலகிரிக்குப் போவோம், படகில் உட்கார்ந்து படம் பிடிப்போம், பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொள்வோம் என்று மனசுக்குள் தயாராகிவிட்டேன்.

கடையில் இரண்டு கேமராக்கள் இருந்தன. ஒன்று கொஞ்சம் பெரியது, கறுப்பு, முன்னால் தனியாக மைக் துருத்திக்கொண்டிருந்தது. மற்றது வெள்ளி நிறம், சோப்புப் பெட்டி போல உள்ளங்கைக்குள் அடங்கியது, பக்கவாட்டில் ஜன்னல் கதவு மாதிரி ஒரு சின்னத் திரை திறந்தது. நான் பெட்டிகளைத் திருப்பித் திருப்பிப் படித்து, வெள்ளிதான் தூரத்தில் இருப்பதை அதிகம் கிட்டே இழுக்கும் என்று அறிவித்தேன்.

"இழுக்கறது இருக்கட்டும்டா. சத்தம் எப்டிக் கீது பாய் இதுல?" என்றார் நைனா.

"படம் கண்ணாடி மாதிரி இருக்கும்ணே. ராத்திரிலகூட எடுக்கலாம்."

"ராத்திரில எவன் எடுக்கப் போறான். பேசனா கேக்குமா?"

பாய் ஒரு நிமிடம் நைனாவின் கழுத்தில் சோதனைக்காகக் குத்திய இடத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பார்த்தார். வியாபாரப் பேச்சை அங்கேயே விட்டுவிட்டார். ஒரு கேசட்டைப் பிரித்துப் போட்டு, "பேசிப் பாருங்க, கேட்டுட்டு வாங்குங்க" என்றார்.

முதலில் கறுப்பு. பாய் பிடித்தார். நைனாவுக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. "தண்ணி வுடு. போதும். டிரம்ம நிறுத்து" என்றார். டிரம் வேலையில் ஒரு நாளும் வாயால் சொல்லாததை எல்லாம் அந்தக் கடையில் சொன்னார். ஹெட்போனை மாட்டிக் கேட்டார். தெளிவாக இருக்கிறது என்று தலையாட்டினார். அக்காவின் முகம் மலர்ந்தது.

அடுத்தது வெள்ளி. அதை நான் பிடிக்கிறேன் என்று பிடுங்கிக்கொண்டேன். "நைனா, இன்னும் கொஞ்சம் கிட்ட வா. ஐயோ, அவ்ளோ கிட்ட இல்ல. மூக்கு மட்டும் தெரியுது. சிரி. இன்னாத்துக்கு மொறைக்கிற?" அவர் சொன்னபடி நகர்ந்தார், சொன்னபடி சிரித்தார். அதைப் போட்டுக் கேட்கும்போது ஹெட்போனை வெகுநேரம் கழற்றவில்லை. இன்னொரு தடவை போடச் சொன்னார்.

பாய் நியாயமான மனிதர். "ஒண்ணு சொல்லிட்றேண்ணே. சின்னதுல உள்ள ஓடற மோட்டார் சத்தம் லேசா வுழும். அப்புறம், புடிக்கறவன் பேச்சு ஜாஸ்தியா கேக்கும், எதுர்ல இருக்கறவர் பேச்சு கம்மி. கொரலுதான் முக்கியம்னா கறுப்புதான் எடுக்கணும்."

"பையன் கொரலு நல்லாக் கேக்குது" என்றார் நைனா.

"அதத்தாண்ணே நானும் சொல்றேன்."

"அப்ப இதையே குடுங்க."

அக்கா அவர் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். "நைனா, நாம எதுக்கு வந்தோம்? கறுப்ப வாங்கு."

"அதப் பாத்தாலே ஸ்டுடியோக்காரன் ஞாபகம் வருது. வாயே வராது."

"மோட்டார் சத்தம் வருதுன்றாரே."

"மோட்டார் சத்தம் எனுக்குப் புதுசா?" என்று சொல்லிவிட்டு, அவள் மேற்கொண்டு பேசாதபடி உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினார். டிரம்மை நிறுத்து. அக்காவின் கண் கலங்கியிருந்தது. தான் கேட்ட நிறம் கிடைக்கவில்லை என்று அழுகிறாள் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். பாய் விலையில் தானாகவே குறைத்து, ஒரு கேசட்டைச் சும்மாவும் கொடுத்தார். என் தெரிவு ஜெயித்துவிட்ட பெருமையில் பெட்டியை நானே தூக்கிக்கொண்டு நடந்தேன்.

ஆஸ்பத்திரியில் சேரச் சொன்ன நாள் வரைக்கும் வீட்டில் படப்பிடிப்புதான். நான்தான் பிடித்தேன், வேறு யாரையும் தொட விடவில்லை. நைனா கட்டிலில் உட்கார்ந்திருப்பார், அம்மா கதவோரம் நிற்பாள். பேச வேண்டியவர் பேசாமல், என்னைப் பேச விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார். அம்மாவுக்குப் பொறுக்காது. "டேய், நீ வாய மூடுடா. அவரு பேசட்டும்" என்று என்னை அதட்டி, நைனா பக்கம் திரும்பி, "இந்தா, நீயாவது பேசேன், ஊமையாட்டம் குந்தினு கீறியே" என்று ஆரம்பித்தவள், சொன்ன வார்த்தையைக் கேட்டுத் தானே திடுக்கிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதையும் நான் கிட்டே இழுத்துப் படம் பிடித்தேன்.

ஏலகிரிக்குப் போகவில்லை. கேட்டதற்கு, "வந்தப்புறம் போலாம்" என்றார்கள்.

ஆபரேஷன் முடிந்து, கழுத்தில் ஓட்டையும் அதை மறைக்க ஒரு வெள்ளைத் துணியுமாக நைனா திரும்பி வந்தார். கழுத்தில் வைத்து அழுத்தினால் பேசலாம் என்று ஒரு கருவியைக் காட்டினார்கள். அதிலிருந்து வந்தது அவர் குரல் இல்லை, வண்டு குரல். அதைக் கேட்டு அம்மா வெளியே ஓடியதைப் பார்த்து அவரே அதைக் கீழே வைத்துவிட்டார். அதன்பின் டிரம் வேலையின் ஜாடைகள் வீட்டுக்குள் வந்தன. சோறு போதும் என்றால் டிரம்மை நிறுத்து. ஃபேனைப் போடு என்றால் டிரம்மை ஓட்டு. அவரைப் பார்க்க வரும் கூட்டாளிகளுடன் மட்டும் மணிக்கணக்கில் கையால் பேசிக்கொண்டிருப்பார். நடுநடுவே அவர்கள் சிரிப்பார்கள். எதற்கென்று எங்களுக்குப் புரியாது.

சாயங்காலங்களில் அவர் ஆற்றங்கரைக்கு வருவது மட்டும் நிற்கவில்லை. முன்பு நின்ற அதே இடத்தில் வந்து நிற்பார். கூப்பிடக் குரல் இல்லாததால் எங்கள் ஆட்டம் பந்து தெரியாமல் போகும்வரை நீண்டது. திரும்பிப் பார்க்கும்போது கரையில் வெள்ளைத் துணி தெரியும். எப்போது வந்தார், எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று ஒருநாளும் தெரிந்ததில்லை. கையைக்கூட ஆட்டமாட்டார். நானாகப் பார்க்கும்வரை நிற்பார். பார்த்ததும் முன்னால் நடக்க ஆரம்பித்துவிடுவார்.

அடுத்த வருடமே எனக்குக் குரல் உடைந்தது. பழைய கீச்சுக் குரல் போய், நைனாவினுடையதைப் போலக் கனத்த ஒன்று வந்து உட்கார்ந்தது. பின்னாலிருந்து நான் கூப்பிட்டால் அம்மா சட்டென்று திரும்புவாள். திரும்பி, என்னைப் பார்த்து, மறுபடி வேலையைக் கவனிப்பாள்.

கேமராவை டிவியில் சொருகி, அந்தக் கேசட்டை நைனா அடிக்கடி போடுவார். தன் குரலைக் கேட்கத்தான் போடுகிறார் என்று எல்லாரும் எழுந்து வெளியே போய்விடுவோம். அவரைத் தனியாக விடுவது மரியாதை என்று அம்மா நினைத்தாள். நான் பத்தாவது பரீட்சை எழுதிய வருடம் அவர் போனார். அதன்பிறகு கேசட்டை யாரும் தொடவில்லை.

இப்போது எனக்கு அரக்கோணத்தில் ரயில்வே ஆபீசில் வேலை. போன மாதம் அக்கா அந்தக் கேசட்டைத் துணியில் சுற்றிக் கொடுத்து, கெட்டுப்போவதற்குள் மாற்றி வை என்றாள். சிடியில் மாற்றி வாங்கி, அறையில் தனியாகப் போட்டுப் பார்த்தேன்.

படம் ஆடுகிறது. கூரை தெரிகிறது, கோழி தெரிகிறது. பாய் சொன்னபடியே உள்ளே மோட்டார் கொர்ரென்று ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு மேலே, காதுக்குள்ளேயே பேசுவதுபோல என் கீச்சுக் குரல். நைனா எங்கோ தூரத்தில், கரகரப்பாக. அவர் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கேசட் முழுக்கக் கேள்விதான்.

"இன்னிக்கு இன்னா பாடம் நடத்துனாங்க?"

"அப்புறம்?"

"பெரியவனானா இன்னா படிப்ப?"

"வேற ஊருக்குப் போய்ட்டா அம்மாவப் பாத்துப்பியா?"

ஒவ்வொன்றுக்கும் நான் நீளநீளமாகப் பதில் சொல்கிறேன். அவர் குறுக்கே பேசாமல், கேமராவைப் பார்க்காமல், அதற்கு மேலே என் முகம் இருக்கும் இடத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருக்கிறார். கடைசியில், கேசட் முடியப்போகும் இடத்தில், ஒன்று கேட்கிறார்.

"டேய் தொர, நான் கூப்டாட்டியும் இருட்டறதுக்குள்ள வூட்டுக்கு வந்துடுவியா?"

"நீ கூப்டாம எனுக்கு எப்டித் தெரியும்?"

நைனா வாயைத் திறக்கிறார். மூடிக்கொள்கிறார். அவர் முகத்தை நான் கிட்டே இழுக்கிறேன், திரை முழுக்க முகம். மோட்டார் ஓடும் சத்தம் மட்டும் கேட்கிறது. பிறகு என் குரல்.

"பேசு நைனா. டேப்பு ஓடிகினு கீது."