பூங்காவனத்தின் விரதம்

பூங்காவனம் எழுதுவதற்கு ஒரேயொரு விதி வைத்திருந்தாள்: சோறு கொதி வந்து மூடி ஆடினால் நிறுத்திவிட வேண்டும். வாக்கியம் பாதியில் நின்றால் நிற்கட்டும். அவளுடைய காயேயில், அந்த ஊரில் நோட்டுப் புத்தகத்துக்கு அதுதான் பெயர், பாதி வாக்கியங்கள் நிறைய. மறுநாள் அதை முடிக்கவும் மாட்டாள், வேறொன்றைத் தொடங்குவாள்.

இது கடல் தாண்டிய கரும்புத் தீவில், ரிவியேர் டு ராம்பார் பக்கத்தில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு வாக்கில். கணவன் மருதைக்கு இரண்டு அர்ப்பான், ஏறக்குறைய இரண்டு ஏக்கர், கரும்பு நிலம் சொந்தம். எழுத்து அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல. சிறுவயதில் அவளுடைய அண்ணனுக்குத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அவன் கற்காததையெல்லாம் இவள் கற்றுக்கொண்டாள். எழுதியதும் பெரிய சமாசாரம் ஒன்றுமில்லை. காற்று எந்தப் பக்கம் அடித்தது, பக்கத்து வீட்டுச் சேவல் எந்த நேரத்தில் பைத்தியம் பிடித்துக் கூவியது, மருதை அன்று சொன்ன பொய்களில் எது நன்றாக இருந்தது. அலுப்பாக இருந்தால் எழுத மாட்டாள். ஆறு வருடம் அது நின்றுபோகாமல் இருந்ததற்கு அந்தச் சோம்பல்தான் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

கெடுத்தது மருதையின் வாய். கோயில் தலைவர் நாகலிங்கம் ஒருநாள் காவடிப் பந்தலைப் பற்றிப் பேச வந்தார். அடுப்படியில் குந்தியபடி எழுதிக்கொண்டிருந்தவளைப் பார்த்து, "என்னப்பா இது?" என்றார்.

"ஆறு வருஷமா எழுதுறா அண்ணே. ஒரு நாள் விட்டது கிடையாது!" என்றான் மருதை, தான் வளர்த்த கரும்பைக் காட்டுகிற பெருமையோடு. அந்தக் கரும்பையும் பாதி வளர்த்தது அவள்தான்.

ஒரு நாள் விடாமல் செய்வதற்கு நாகலிங்கத்திடம் ஒரே ஒரு சொல்தான் இருந்தது: விரதம். வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் அதை அறிவித்தே விட்டார். பூங்காவனம் வாக்தேவிக்கு எழுத்து விரதம் எடுத்திருக்கிறாள். ஆயிரத்தெட்டாவது நாள் ஊர்கூடி முடித்து வைக்கும். ஆறு வருடத்தில் ஆயிரத்தெட்டு எப்போதோ தாண்டியிருக்கும். யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

விரதமென்றால் நியமம் உண்டு. விடியுமுன் தலைக்குக் குளிக்க வேண்டும், கிழக்கே பார்த்து உட்கார வேண்டும், வீட்டில் கருவாடு கூடாது. பெண்கள் வெற்றிலை பாக்கோடு வந்து அவள் காலைத் தொட்டார்கள். மறுக்க வாயெடுக்கும்போதெல்லாம் எவளாவது ஒருத்தி கண்கலங்கினாள். பதினோரு நாள் அவள் எழுதியது இவ்வளவுதான். முதல் நாள்: "இன்று குளித்தேன்." மறுநாள்: "இன்றும்." காற்றும் சேவலும் காணாமல் போயின. கருவாடில்லாத சோற்றில் மருதைகூட உண்மை பேச ஆரம்பித்தான். எழுத அதில் ஒன்றும் கிடைக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் சரஸ்வதி பூசை. புத்தகங்களை அம்மன் முன் அடுக்கி வைப்பார்கள். அன்றைக்கு யாரும் எழுதவோ படிக்கவோ கூடாது. நாகலிங்கம் காயேயை வாங்கி, மஞ்சள் துணியில் சுற்றி, சந்தனம் பூசி மேலே வைத்தார். பிறகு திரும்பிச் சொன்னார்:

"இனிமே இது கோயில்லயே இருக்கட்டும் தங்கச்சி. தெனம் இங்க வந்து எழுது. அம்மா பாக்கட்டும்."

பூங்காவனம் எழுந்தாள். நேராகப் போய் மஞ்சள் துணியை அவிழ்த்தாள்.

"பா துசே! தொடாத, தொடாத!" என்று தலைவர் தீவின் கிரியோல் மொழியிலும் தமிழிலும் பதறினார். "இன்னிக்குத் தொடக் கூடாது!"

"நான் வெரதம் எடுக்கலயே அண்ணே."

"ஆறு வருஷமா விடாம எழுதுறது வெரதமில்லாம வேற என்ன?"

"பேச்சு. பேசுறதுக்கு எவளாச்சும் தலைக்குக் குளிச்சிட்டு வருவாளா?"

"உம் புருஷன் ஒரு நாளும் விட்டதில்லன்னானே!"

"அவன் பேச்ச நான் கேக்குறதில்ல, நீங்க கேட்டீங்க. மாடு கன்னு போட்டன்னிக்கு விட்டேன். சூறாவளிக்கு விட்டேன். சும்மாவும் விட்டேன். விடலாம்னு இருந்ததாலதான் திரும்பத் திரும்ப எடுத்தேன்."

மருதை ஒரு தூணைத் தேடி அதன் பின்னால் நின்றான்.

"அம்மா கோவிச்சுக்குவா, தங்கச்சி."

பூங்காவனம் அம்மன் படத்தைப் பார்த்தாள். "அவ கையில வீணை இருக்கே, இன்னிக்கு வாசிக்காம இருக்காளா? அவ சுவடிய யாராச்சும் புடுங்கி மஞ்சத் துணியில சுத்துனீங்களா?"

கூட்டத்தில் ஒருத்தி சிரித்துவிட்டு, புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். பூசாரி படத்தை உற்றுப் பார்த்தார். இத்தனை வருடமாக அதைக் கவனித்ததில்லை போலும். பூங்காவனம் அங்கேயே சம்மணமிட்டு உட்கார்ந்தாள், மேற்கே பார்த்து. பென்சிலை நாக்கில் நனைத்து எழுத ஆரம்பித்தாள்.

நாகலிங்கம் கிட்டே வந்து எட்டிப் பார்த்தார். "என்ன எழுதுற?"

"உங்களத்தான்."

"என்னையா? எப்படி எழுதுற?"

"நில்லுங்க. மூக்கு இன்னும் முடியல."

தடுக்க வந்த மனிதர் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு, முகத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி, அசையாமல் நின்றார்.

அவள் இரண்டு பக்கம் எழுதினாள், காயேயை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் எழுதவில்லை. ஏன் என்று கேட்க மருதைக்குத் துணிச்சல் வரவில்லை.