ஃபிட்டர் வீட்டுப் பின்னறை காலியான விதம்

முப்பத்திரண்டு வருஷம் ஊரார் வீட்டுக் குழாய்களைக் கழற்றி மாட்டிய ஃபிட்டருக்கு, தன் வீட்டிலிருந்து ஒரு திருகாணியை வெளியே அனுப்பவும் மனசு வராது. வேலைக்குப் போன இடத்தில் எதையாவது தூக்கிப் போடுகிறார்கள் என்று தெரிந்தால் போதும், அதுவும் அவர் சைக்கிளில் ஏறிவிடும். பின்னறையில் கால் வைக்க இடமில்லை. கைப்பிடி இல்லாத வாளிகள், வாய் உடைந்த குழாய்கள், வாஷிங் மெஷினின் வயிறு மட்டும், சுவரைத் தொலைத்துவிட்ட ஒரு இரும்பு ஜன்னல், பிரிக்காத பெட்டியில் புத்தம் புதிய கழிவறைக் கோப்பை ஒன்று.

"நல்ல சாமான். ஒரு நாள் உதவும்," என்பார். அந்த நாள் பதினோரு வருஷமாக வந்தபாடில்லை.

மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எப்போதும் ராத்திரி ஷிஃப்ட். பகலில்தான் தூங்கியாக வேண்டும். கூடத்தில் டிவி, மிக்ஸி, தெருவில் காய்கறி வண்டி, இவை எல்லாவற்றுக்கும் மேலே அப்பாவின் தொண்டை. பாயில் புரண்டு புரண்டே பொழுது போய்விடும். போன வாரம் ஒருவருக்குப் போட வேண்டிய ஊசியை இன்னொருவர் கட்டிலுக்குக் கொண்டுபோய்விட்டாள். கூட இருந்தவள் பார்த்துத் தடுத்தாள். அன்றைக்கே வீட்டில் நோட்டீஸ் கொடுத்தாள்.

"சனிக்கிழமைக்குள்ள பின்னறை எனக்கு வேணும்ப்பா. இல்லன்னா ஹாஸ்டலுக்குப் போயிடுவேன். ஃபாரம் வாங்கிட்டேன்."

"பேசித் தீத்துக்கலாம்மா."

"நீங்க பேசிப் பேசித்தான் என் தூக்கமே போச்சு."

ஃபிட்டர் ஆடிப்போனார். ஒரே பெண். அவள் போய்விட்டால் சாப்பாடு தொண்டையில் இறங்காது. அதற்காகச் சாமானைத் தூக்கி எறிவதா? இரண்டையும் விடாமல் இருக்க அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். தெருவில் வீடு வீடாகப் போனார். "சும்மா ஓரமா வச்சிருங்க. வேணும்னா நீங்களும் உபயோகப்படுத்திக்குங்க." மூன்றே நாளில் பின்னறை துடைத்துவிட்டது போல் ஆனது. மனைவி வாய் பிளந்து நின்றாள்.

வினை அதன் பிறகுதான் தொடங்கியது. சாயங்காலம் ஆனால் ஃபிட்டர் சோதனைக்குக் கிளம்பிவிடுவார். எதிர்வீட்டு வாத்தியார் கோப்பைப் பெட்டியின் மேல் புத்தகம் அடுக்கியிருந்தார்.

"என்ன வாத்தியாரே, இது மேல இவ்வளவு பாரமா? உள்ள விரிசல் விடாது?"

"ஃபிட்டரே, இது என் வீடு."

"வீடு உங்களுது. சாமான் என்னுது."

தையல்கார அம்மா ஜன்னல் கம்பிகளில் ஜாக்கெட்டுகளை மாட்டியிருந்தாள்.

"ஏம்மா, கம்பி வளைஞ்சா யார் நிமித்துறது?"

"அண்ணே, ஜன்னலை எடுத்துட்டுப் போறீங்களா? இல்ல, அதுக்கு நான் ஒரு வீடு கட்டட்டுமா?"

ஆளுக்கு ஆள் வயிறெரிந்தார்கள். வெள்ளிக்கிழமை ஒன்றுகூடினார்கள். முடிவு ஏகமனதானது.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மகள் வேலை முடிந்து வந்தாள். பின்னறையில் பாயை விரித்தாள், கதவைச் சாத்தினாள், அடித்துப் போட்டாற்போல் தூங்கினாள். பத்து மணிக்குத் தெருவே சாமானும் கையுமாக வாசலில் வந்து நின்றது. முன்னால் வாத்தியார், பின்னால் ஜன்னல்.

ஃபிட்டர் பாய்ந்து போய்க் கைகளை விரித்தார். "சத்தம் வேண்டாம்! பொண்ணு தூங்குது," என்றார். அதைச் சொல்வதற்கே தொண்டையை நசுக்க வேண்டியிருந்தது.

"உங்க சொத்து உங்ககிட்டயே இருக்கட்டும்," வாத்தியாரும் கிசுகிசுத்தார்.

"நீங்களே வச்சுக்குங்க வாத்தியாரே. இனாம்."

"வேண்டாம்."

"புதுசு!"

"புதுசா இருந்தாலும் வேண்டாம்."

ஃபிட்டர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒருவர் கையும் நீளவில்லை. அவர் பொக்கிஷம் என்று பொத்தி வைத்ததைச் சும்மா கொடுத்தாலும் சீண்ட ஆளில்லை. முகம் சுண்டிவிட்டது.

மனைவி தாமதிக்கவில்லை. தெருமுனையில் நின்ற பழைய இரும்புக்காரரைக் கையோடு அழைத்து வந்தாள். அவர் தன் வண்டி மணி அடிக்காமல் அதன் நாக்கை விரலால் பிடித்தபடி வந்தார். ஜன்னலைப் போர்வையில் சுற்றி, காய்ச்சல் கண்ட குழந்தையைத் தூக்குவது போல நாலு பேர் வண்டியில் கிடத்தினார்கள். வாளிகளுக்கு நடுவே பழந்துணி திணித்தார்கள். ஒவ்வொன்று ஏறும்போதும் ஃபிட்டர் வாயைத் திறந்தார். மனைவி உதட்டில் விரல் வைத்தாள். இத்தனை வருஷமும் ஒவ்வொரு சாமானையும் கத்திக் கத்தியே காப்பாற்றி வந்தவர் அவர். கிசுகிசுத்துப் பார்த்தபோது அவருக்கே தன் பேச்சில் நியாயம் தெரியவில்லை. வாஷிங் மெஷினின் வயிறு ஏறும்போது மட்டும், "மெதுவா," என்றார்.

"பீங்கான் நான் எடுக்கிறதில்லண்ணே," என்றார் இரும்புக்காரர். பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்த மேஸ்திரி வந்து பெட்டியைப் பிரித்து, கோப்பையைத் தட்டிப் பார்த்து, தோளில் ஏற்றிக்கொண்டு போனார்.

சாயங்காலம் நாலரைக்குக் கதவு திறந்தது. கன்னத்தில் பாயின் கோடு பதிந்திருக்க, மகள் வந்து நின்றாள்.

"ஏழு மணி நேரம்ப்பா! நடுவுல ஒரு தடவை கூட முழிப்பு வரல. ஹாஸ்டல்ல நான் வரலன்னு சொல்லிடறேன்."

ஃபிட்டருக்கு எட்டு வீடு கேட்கக் கூவ வேண்டும் போலிருந்தது. காலையிலிருந்து அடக்கி அடக்கி, தொண்டைக்கு வழி மறந்துவிட்டது.

"சரிம்மா," என்றார், காற்றாக.

"என்னப்பா, உடம்பு சரியில்லையா?" என்று பதறி, நர்ஸ் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.