நல்ல காலில் தெரிந்த கோடு

கும்மிடிப்பூண்டியில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில், உருக்கி ஊற்றிய இரும்பில் விரிசல் பார்ப்பதுதான் என் வேலை. கறுப்பாக ஒரு கோடு தெரிந்தால் போதும், யார் சிபாரிசுக்கு வந்தாலும் அந்த உருப்படியைத் தள்ளிவிடுவேன். அப்படிப்பட்டவன் கையில் எக்ஸ்ரே கிடைத்தால் சும்மா இருப்பேனா?

மகள் ஆறாம் வகுப்பு படிக்கும்போது எளாவூரில் சைக்கிளோடு விழுந்து, வலது முட்டிக்கு மேலே எலும்பை உடைத்துக்கொண்டாள். ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு காலையும் படம் எடுக்கச் சொன்னார் டாக்டரம்மா. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அடிபடாத இடது காலிலும் கறுப்புக் கோடு! வந்ததே கோபம் எனக்கு.

“இன்னாம்மா இது? நல்லா இருந்த காலையும் ஒடச்சி வச்சிக்கிறீங்க!”

ஆஸ்பத்திரி வராந்தாவே திரும்பிப் பார்த்தது. டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

“அது விரிசல் இல்லீங்க, வளர்ச்சித் தட்டு. குருத்தெலும்பு, அதான் படத்துல கறுப்பா தெரியுது. எலும்பு நடுவுல நீளாது. முனைக்குப் பக்கத்துல இருக்கற இந்தத் தட்டுல புதுக் குருத்து உண்டாகும், பழசு எலும்பா மாறும். அப்படித்தான் கால் வளருது. ஆனா வலது கால்ல அடி அந்தத் தட்டுலயே பட்டிருக்கு. அது கெட்டுப்போச்சுன்னா அந்தக் கால் மட்டும் குட்டையா நின்னுடும்.”

என் கோபம் போன இடம் தெரியவில்லை.

வளர்கிற பிள்ளை என்று பள்ளிப் பாவாடையின் அடியை என் மனைவி அகலமாக மடித்துத் தைப்பாள். உயரம் கூடக் கூட மடிப்பைப் பிரித்துவிடுவாள். கட்டு எடுத்த பிறகு, மடிப்பைப் பிரிக்கும்போதெல்லாம் மகளைச் சுவரோரம் நிற்கவைத்து, நான் தரையில் குப்புறப் படுத்துப் பாவாடை விளிம்பைப் பார்ப்பேன். வலப்பக்கம் இறங்கியிருக்கிறதா?

“நைனா, நான் இன்னா உங் கம்பெனி இரும்பா?” என்று காலை உதறுவாள்.

“சும்மா நில்லுடி!”

விளிம்பு ஒருநாளும் கோணவில்லை. மடிப்புதான் தீர்ந்துபோனது.

பிளஸ் ஒன்னில் கடைசிப் படம். அந்தக் கோட்டை நானே தேடினேன். இரண்டு காலிலும் காணோம்.

“தட்டு மூடிடுச்சு. ரெண்டு காலும் சமம். இனிமே வளரமாட்டா” என்றார் டாக்டரம்மா.

அண்ணாந்து மகளைப் பார்த்தேன். எங்கள் வம்சத்தில் இந்த உயரம் யாருக்கும் இல்லை. நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

“போதும்மா! இதுக்கு மேல வளந்தா எங் கழுத்து தாங்காது!”

வராந்தா மறுபடியும் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும் என்றுதான் கத்தினேன்.