ஜலீல் பாய் கடைக் கதவின் பொடி ஓட்டைகள்

கம்பம் மெயின் ரோட்டில் குழந்தைகள் ரெடிமேட் கடை வைத்திருந்த அப்துல் ஜலீல் பாய், ஐம்பத்து நான்கு வயது வரைக்கும் யாரையும் ஒளிந்து நின்று பார்த்தவரல்ல. 2008இல்தான் அந்தக் கலையில் இறங்கினார். அதுவும் சொந்தத் தம்பியைப் பார்க்க.

தம்பி ஆசாத்துக்கு நேர் எதிரே செருப்புக்கடை. பதினோரு வருசமாகப் பேச்சில்லை. குற்றம் பாயுடையது. மகள் கல்யாணப் பத்திரிகையில் தம்பி பெயரைச் சேர்க்க மறந்துவிட்டார். ஐந்நூறும் அச்சாகி வந்தபிறகு, “மறந்துட்டேன்லே” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாய் அதைவிடப் பெரிய யோசனைக்காரர். ஆசாத்துக்குக் கொடுக்கும் பத்திரிகையில் மட்டும் பேனாவால் பெயரை எழுதிவைத்தார். மற்ற பத்திரிகைகளும் இதே ஊருக்குள்தான் சுற்றும் என்பது அந்த மூளைக்கு எட்டவில்லை.

அன்றிலிருந்து கண்ணும் கண்ணும் சந்தித்தால் இரண்டு கழுத்தும் ஒரே நேரத்தில் திரும்பும். திரும்பித் திரும்பிப் பாயின் கழுத்து ஓய்ந்துபோயிற்று.

கடைக் கதவில் விளம்பர ஸ்டிக்கர் ஒட்டத் தேனியிலிருந்து வந்த வேல்பாண்டி வழி காட்டினான். “பூராம் பொடி ஓட்டை பாய். ரோட்டுலருந்து பாத்தா கவுன் போட்ட பாப்பா படந்தேன் தெரியும். உள்ளருந்து நீங்க ஊரையே பாக்கலாம்.”

பாய்க்கு ஊர் வேண்டாம். ஒரு கடை போதும்.

கண்ணாடிக் கதவு முழுக்க ஒட்டியாயிற்று. பாய் தினமும் அதன் முன் நின்றார். ஆசாத்துக்கு முன்மண்டையில் முடி கொட்டியிருந்தது. இடது காலைச் சற்றே இழுத்து நடந்தான். சாப்பாட்டை மூன்று மணிக்கு மேல்தான் பிரித்தான். “நேரத்துக்குத் தின்னுலே” என்று பாய் இங்கிருந்தே அதட்டினார்.

சோறு கொண்டுவந்த மனைவி லத்திபா கேட்டார்: “அங்கன நின்னு என்னத்தைப் பாக்குறீக?”

“வெயில் எப்படி அடிக்குதுன்னு.”

“வெயிலு ஆசாத் கடைக்கு மட்டுமா அடிக்குது? போய்ப் பேசித் தொலைங்களேன்.”

“அவன் வரட்டும். நான் மூத்தவன்.”

சாயங்காலம் தொழுகைக்குப் போய்விடுவதால் பாயின் பார்வை பகலோடு முடியும். ஒருநாள் தூறல், போகவில்லை. கரண்டும் போயிற்று. தெரு இருண்டது. பாய் கடையில் மட்டும் இன்வெர்ட்டர் விளக்கு ஜோராக எரிந்தது. கதவில் தன் முகத்தைத் தவிர ஒன்றும் தெரியாததால், பாய் நெற்றியையும் மூக்கையும் கண்ணாடியில் அழுத்தி, இரு கைகளையும் கண்ணோரம் வைத்து எட்டிப்பார்த்தார்.

உள்ளே வெளிச்சம், வெளியே இருட்டு என்றால் அந்த ஓட்டைகள் கட்சி மாறிவிடும். இதை அறிவித்தவர் ஆட்டோ கருத்தக்கண்ணன். “பாய்! மூக்கு சப்பையாத் தெரியுது! தம்பியவா தேடுறீக? இந்தா, எங்கிட்டத்தேன் நிக்கிறாக!”

தெரு சிரித்தது. ஆசாத் சிரித்தானா என்பதுதான் பாயை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. அந்த இரண்டு நாளும் கதவுப்பக்கம் போகவே இல்லை.

மூன்றாம் நாள் நடுப்பகலில் ஆசாத் ரோட்டைக் கடந்து வந்தான். கதவருகே நின்று, கைகளைக் கண்ணோரம் வைத்து, உள்ளே எட்டிப்பார்த்தான். பகல், அவனுக்குப் பாப்பா படந்தான் தெரிந்திருக்கும்.

“அண்ணே, இருக்கீகளா?”

பாய் எழுந்து வந்தார். ஒரு சாண் தூரத்தில் தம்பி முகம். புருவத்தில்கூட நரை. அத்தா சாயல் வந்துவிட்டது. கதவைத் திறந்தால் மறுபடி கழுத்து திரும்பிவிடுமோ என்று பயமாக இருந்தது. இன்னும் ஒரு நொடி பார்த்துக்கொள்வோம், இன்னும் ஒரு நொடி...

ஆசாத் திரும்பி நடந்தான்.

பாய் கதவைத் தள்ளித் திறந்தார். “ஏலே!”

குமுளி பஸ் ஹாரன் அதை விழுங்கியது. பஸ் போனபோது ஆசாத் தன் கடையை அடைந்திருந்தான். உள்ளே கிடந்த ஸ்டூலைத் தூக்கி வாசலில் போட்டு, இந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்தான்.

பாய் கதவை விரியத் திறந்துவைத்துவிட்டு, கொளுத்தும் படியிலேயே உட்கார்ந்தார். பஸ் மறைக்கும்போதெல்லாம் இருவரும் தலையைச் சாய்த்து எட்டிப்பார்த்துக்கொண்டார்கள்.