மதில் ஓட்டையை அடைத்த வருடம்

வெள்ளவத்தையில் கால்வாயை ஒட்டிய ஒழுங்கையில் ஒரு பழைய வீட்டின் பின்பாதியை நாங்கள் வாடகைக்கு எடுத்தபோது மகளுக்கு ஒன்றரை வயது. அக்கம்பக்கத்தில் பாதி வீடுகளை இடித்து மாடிக் குடியிருப்புகளாக்கி விட்டிருந்தார்கள். எங்களுக்குக் கிடைத்தது இரண்டு அறை, சமைக்க ஒரு குசினி, அதற்குப் பின்னால் ஒரு ஜம்பு மரமும் தண்ணீர்க் குழாயும் உள்ள சின்ன வளவு. பிள்ளை மண்ணில் கால் வைத்து விளையாடலாம் என்பதற்காகவே நான் அந்த வீட்டுக்குச் சம்மதித்தேன்.

குடிவந்து பத்து நாள் இருக்கும். குழாயடியில் குந்தியிருந்து மீன் கழுவிக்கொண்டிருந்தேன். பிள்ளை எனக்குப் பின்னால் ஒரு வாளியைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று தட்டும் சத்தம் நின்றது. திரும்பினேன். அவள் கால்வாய்ப் பக்க மதிலைக் காட்டினாள். மதிலின் அடியில் எங்கள் வளவுத் தண்ணீர் ஓடும் கான் வெளியே போகிற ஓட்டைக்குள்ளால் ஒரு தலை வந்தது. பிறகு கழுத்து. பிறகு மஞ்சள் புள்ளிகள் போட்ட கறுத்த உடம்பு. அது முழுதாக உள்ளே வந்த பின்னும் வால் வந்துகொண்டே இருந்தது.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் ஓடிக் கதவைச் சாத்தினேன். யன்னலால் பார்த்தேன். அது அவசரப்படாமல் நடந்து வந்து, நீல நாக்கை நீட்டி நீட்டி நிலத்தை மணந்து பார்த்து, சட்டியில் இருந்த மீனை ஒவ்வொன்றாக விழுங்கியது. தலையை மேலே தூக்கி விழுங்கும்போது தொண்டை புடைத்து இறங்குவதை எண்ணிக்கொண்டு நின்றேன். ஐந்து சூடை மீன்.

யாழ்ப்பாணத்தில் நான் உடும்பு பார்த்திருக்கிறேன். அது மனிதரைக் கண்டால் பற்றைக்குள் ஓடிவிடும். இது ஓடவில்லை. கொழும்பில் இந்த நீர் உடும்பைக் கபரகொய்யா என்பார்கள் என்று அன்று மாலை கணவர் சொல்லித்தான் தெரியும்.

"அது ஒண்டும் செய்யாதப்பா. ஆட்களைக் கடிக்கிற சாமான் இல்லை," என்றார்.

"பிள்ளை அதின்ர வாலளவு கூட இல்லை. நீங்கள் காலமை போனால் பின்னேரம் வாறீங்கள். நான்தானே இதுக்குள்ள இருக்கிறன்."

வீட்டுக்காரருக்குப் போன் எடுத்தேன். அவர் சிரித்தார். "நீங்கள் வர முதலே அது அங்க இருக்குது பிள்ளை. அதை ஒண்டும் செய்யேலாது, சட்டமும் விடாது," என்றார்.

சட்டம் அதைக் கொல்ல விடாது, சரி. ஓட்டையை அடைக்க வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லையே. அந்த ஞாயிற்றுக்கிழமை கணவரை நிம்மதியாக இருக்க விடாமல், நான்கு செங்கல்லும் கொஞ்சச் சீமெந்தும் வைத்து ஓட்டையை அடைப்பித்தேன். குசினிக் கழிவுத் தண்ணீர் தெருப் பக்கம் வேறு குழாயில் போகிறது, இந்தக் கானில் காய்ந்த இலைதானே கிடக்கிறது என்று நினைத்தேன்.

அடுத்த கிழமை முழுக்க அது வந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் நகத்தால் செங்கல்லை விறாண்டும் சத்தம் கேட்கும். சிறிது நேரத்தில் நின்றுவிடும். மறுநாள் அதே நேரத்துக்குத் திரும்பவும் கேட்கும். பிறகு ஒருநாள் கேட்கவில்லை. எனக்கு அது வெற்றியாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த நேரம் வரும்போது காது தானாக மதில் பக்கம் போனதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

பக்கத்து வளவில் தனியாக ஒரு சிங்கள அம்மா இருந்தார். அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை, ஒரே மகள் இத்தாலியில். வந்த புதிதில் ஒருமுறை சிரித்திருக்கிறோம். அதன் பிறகு எனக்குச் சிங்களம் தடுமாறும் என்பதால் நானே விலகி நடந்தேன்.

ஒக்டோபரில் மழை பிடித்தது. இரண்டு நாள் விடாமல் பெய்து மூன்றாம் நாள் விடிய யாரோ எங்கள் கதவைத் தட்டினார்கள். அந்த அம்மா நின்றார். சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகியிருந்தார். கோபத்தை எதிர்பார்த்தேன். அவர் மிகவும் களைத்திருந்தார்.

"நங்கி," என்றார். தங்கச்சி என்று அர்த்தம். பிறகு தமிழில் சொன்னார். ஆஸ்பத்திரியில் நோயாளிகளிடம் கேட்டுக் கேட்டுப் பழகிய தமிழ். "என்ட வீட்டுக்குள்ள தண்ணி. கட்டில் வரைக்கும். முப்பது வருஷம் இப்பிடி வந்ததில்ல. உங்கட கான் எங்கயாவது அடைச்சிருக்கா, ஒருக்காப் பாருங்க."

எங்கள் வீடு மூன்று படி உயரத்தில் இருக்கிறது. அவருடைய வீடு நிலத்தோடு சமம். அவருடைய வளவுத் தண்ணீரும் எங்கள் கானில் சேர்ந்து அந்த ஓட்டைக்குள்ளால்தான் கால்வாய்க்குப் போகும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அக்கா, நான்தான் அடைச்சனான்," என்றேன். "கபரகொய்யா வருகுதெண்டு."

அவர் திட்டவில்லை. "அலவாங்கு இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

இல்லை. அவரே போய்த் தன்னுடையதைக் கொண்டுவந்தார். என் கணவர் அந்த இரும்புப் பாரையால் இடித்தார், நாங்கள் இருவரும் சேற்றுத் தண்ணீருக்குள் கையை விட்டு உடைந்த செங்கல்லை இழுத்தோம். கடைசிக் கல் பெயர்ந்ததும் தண்ணீர் ஒரு சத்தத்தோடு இழுத்துக்கொண்டு போனது. என் ஒரு செருப்பும் அதோடு போனது.

அன்று முழுக்க அவர் வீட்டில் நின்றேன். பஞ்சு மெத்தை ஊறிப் போயிருந்தது. அதை எறியத்தான் வேண்டியிருந்தது. அலுமாரியின் கீழ்த்தட்டில் அவருடைய மகளின் பள்ளிக்கூடக் கொப்பிகள். முதலாம் வகுப்பிலிருந்து எல்லாவற்றையும் வைத்திருந்திருக்கிறார். "விடுங்க நங்கி, பழசுதானே," என்றார். ஆனால் அவற்றைக் குப்பைப் பைக்குள் போடாமல் மேசையில் வைத்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னார். நான் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்து, மின்விசிறிக்குக் கீழே விரித்து, காய்ந்ததும் தாள் தாளாக அயன் பண்ணினேன். மூன்று நாள் எடுத்தது. சிங்கள எழுத்து எனக்கு ஓடாது. ஆசிரியரின் சிவப்புச் சரியும் பிழையும், ஓரத்தில் ஒரு பிள்ளை கீறிய பூனைப் படங்களும் விளங்கின. கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் ஒரு கொப்பியைத் திறந்து பூனையைப் பார்த்துவிட்டு மூடினார். எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

ஓட்டை திறந்தபடி இருந்தது. அவரே ஒரு யோசனை சொன்னார். மீனை உள்ளே கழுவு, அது வருகிற நேரம் பகல் பதினொன்று, அந்த ஒரு மணித்தியாலம் பிள்ளையை உள்ளே வைத்திரு. மற்ற நேரம் வராது. "நானும் அப்பிடித்தான் மகளை வளர்த்த," என்றார். நான் நம்பாமல்தான் செய்து பார்த்தேன். அவர் சொன்னது சரியாகவே இருந்தது. பதினொன்றுக்கு நானும் மகளும் குசினி யன்னலில் நிற்போம். அது வரும், வெயிலில் படுக்கும், போகும். மகள் பேசத் தொடங்கியபோது அதை "கொய்யா மாமா" என்றாள்.

இரண்டு வருடம் அப்படிப் போனது. ஒரு மத்தியானம் மதிலுக்கு மேலால் அக்காவின் குரல் வந்தது. "நங்கி, இங்க வாங்க. கெதியா."

போனேன். அவருடைய வாழை மரத்தடியில் கபரகொய்யா கண் தெரியாமல் சுற்றிச் சுற்றி நடந்து மதிலில் மோதிக்கொண்டிருந்தது. தலை ஒரு வாய் அகன்ற பிளாஸ்டிக் போத்தலுக்குள் கழுத்துவரை போயிருந்தது. அது மூச்சு விடும்போது பிளாஸ்டிக்கில் ஆவி படிந்து மறைந்தது. போத்தல் வாயைச் சுற்றிய சிவப்பு வளையத்தைக் கண்டதும் அடையாளம் தெரிந்தது. ஊரிலிருந்து என் அம்மா கருவாடு போட்டு அனுப்பிய போத்தல். முந்தின நாள் நான்தான் கழுவாமல் குப்பைப் பையில் போட்டிருந்தேன்.

வனவிலங்கு அலுவலகத்துக்குப் போன் எடுப்போமா என்றேன். எடுத்தோம். பின்னேரம்தான் வரமுடியும் என்றார்கள். அக்கா அதன் மூச்சைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அதுவரைக்கும் தாங்காது," என்றார், ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேரைப் பற்றிச் சொல்லியிருக்கக்கூடிய அதே குரலில்.

ஒரு அரிசிச் சாக்கை நனைத்து அதன் முதுகில் போட்டார். போட்டதும் அறுபத்தைந்து வயது மனுசி இரண்டு கையாலும் முன்தோளை அமர்த்திக்கொண்டு முழங்காலை ஊன்றினார். "வெட்டுங்க. கழுத்தை இல்ல, போத்தலை."

மீன் வெட்டும் கத்தரிக்கோலை வளையத்துக்குள் விட இடமில்லை. அடிப்பக்கத்தில் குத்தி ஓட்டை போட்டு அங்கிருந்து வெட்டிக்கொண்டு வந்தேன். முதல் ஓட்டையால் காற்று உள்ளே போனதும் அது பெரிதாக மூச்சு இழுத்தது. அதன் உடம்பு சாக்கோடு சேர்ந்து உயர்ந்தது. வளையத்தை வெட்டும் நேரம் வால் சுழன்று என் கெண்டைக்காலில் விழுந்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் கத்தரிக்கோலை விடவில்லை. வளையம் அறுந்தது. அக்கா கையை எடுத்தார்.

நாங்கள் பின்னால் விழுந்தோம். அது ஓடவில்லை. வாயைத் திறந்தபடி அங்கேயே கிடந்தது. கழுத்தைச் சுற்றிச் செதில் உரிந்து இளஞ்சிவப்பாக ஒரு கோடு. நெடுநேரம் கழித்து எழும்பி, எங்கள் பக்கம் திரும்பாமல், மதிலோரமாக நடந்து போனது.

கால் இரண்டு கிழமை நீலமாக இருந்தது. அக்கா தினமும் வந்து என் குசினியில் உட்கார்ந்து எண்ணெய் தடவினார். அந்த நாட்களில்தான் தன் கணவர் இறந்த கதையையும், மகள் இத்தாலிக்குப் போன கதையையும் சொன்னார். என் சிங்களமும் அந்த இரண்டு கிழமையில்தான் கொஞ்சம் நிமிர்ந்தது. அதன் பிறகு எங்கள் வீட்டில் கழுவாத போத்தல் குப்பைக்குப் போனதில்லை. வெறும் போத்தலைக்கூட இரண்டாக வெட்டித்தான் போடுகிறேன்.

இந்த வருடம் தன் மகளுக்குக் குழந்தை பிறந்ததால் அக்கா ஆறு மாதத்துக்கு இத்தாலிக்குப் போயிருக்கிறார். போன கிழமை ஒரு நாள் பகல் பதினொன்று தாண்டியதும் வீடியோ கோல் எடுத்தார். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. கழுத்துவரை கம்பளிச் சட்டை போட்டிருந்தார். பேரக் குழந்தையைக் காட்டினார், குழந்தையின் தொப்பியைச் சரிசெய்தார், பிறகு கேட்டார்.

"நங்கி, கபரகொய்யாவைக் கொஞ்சம் காட்டுங்க."

"இண்டைக்கு இன்னும் வரேல்லை அக்கா. மழைக் குணமா இருக்குது."

"பரவால்ல. போனை அப்பிடியே பிடிங்க."

யன்னல் கம்பிக்கு வெளியே போனை நீட்டிப் பிடித்தேன். ஜம்பு மரத்துக்குக் கீழே இரண்டு மைனாக்கள் நடந்து திரிந்தன. போனில் குழந்தை சிணுங்குவது மட்டும் கேட்டது. கை வலிக்க வலிக்க மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, அவர் போதும் என்று சொல்லும் வரை நான் அப்படியே நின்றேன்.